போறணையடிப் பாணும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லும்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். பாணுக்குப் போங்கள். ரோஸ் பாணுக்குக் கட்டாயம் போங்கள். பணிசுக்குப் போக வேண்டாம், தேத்தண்ணிக்குப் போகவே வேண்டாம். மிச்சத்தைக் கேட்க நேரம் இருக்கிறவர்கள் இருங்கள். திருகோணமலையில் உள்ள இந்தப் பேக்கரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதைத் தள்ளிவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவன், அந்த வருத்தம் எனக்கு உண்டு.

தராசுக் கதையில் தொடங்குகிறேன். இரண்டு வருடமாக வீட்டுக்குக் கிட்ட உள்ள வேறொரு கடையில்தான் பாண் வாங்கிக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். வர வர அந்தப் பாண் கையில் எடுத்தால் பஞ்சுத் தலையணை மாதிரி இருந்தது. பார்வைக்கு நல்ல உயரம், பிய்த்தால் காற்று. மனைவி கேக் செய்ய வாங்கி வைத்திருந்த சின்னத் தராசில் ஒரு நாள் சும்மா வைத்துப் பார்த்தேன், 388 கிராம். அடுத்த நாள் 394. இலங்கையில் ஒரு முழுப் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, 2024இல் வர்த்தமானியிலும் போட்டார்கள், குறைந்தால் 13.5 கிராம் வரைக்கும்தான் குறையலாம். போய்க் கேட்டேன். "சேர், ஆராவது பாணை நிறுத்துத் தின்னுவினமா?" என்று காசு மேசையில் இருந்தவர் சிரித்தார். சிரித்ததுகூடப் பரவாயில்லை, பின்னால் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றோடு அந்தக் கடையை விட்டேன்.

அப்போதுதான் பழைய இடம் ஞாபகம் வந்தது. 2022இல், அந்த நெருக்கடி நேரத்தில், காஸ் இல்லை, டீசல் இல்லை, பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்டும் இல்லை. ஊரில் பேக்கரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தபோது ஒரேயொரு கடையில் மட்டும் விடியற்காலைப் புகை நிற்கவில்லை, ஏனென்றால் அங்கே பாண் சுடுகிற அடுப்பு விறகுப் போறணை. அந்த நாட்களில் நானும் அங்கேதான் வரிசையில் நின்றேன். நிலைமை கொஞ்சம் சீரானதும், மனிதர் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன், கிட்ட உள்ள கடைக்கு மாறிவிட்டேன். தராசுதான் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனது.

கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் தின்றது போக, 'பேக்கரி' என்பதில் 'கரி' மட்டும்தான் இப்போது வாசிக்கக்கூடியதாக மிஞ்சியிருக்கிறது. விறகுப் போறணைக்குப் பொருத்தம்தான். ஊரில் எல்லோரும் 'போறணையடி' என்பார்கள், அதற்கு மேல் பெயர் தேவைப்படவில்லை. பத்திரகாளி அம்மன் கோயில் பக்கமிருந்து நடந்தால் பத்து நிமிடம், கடைசி இரண்டு நிமிடத்துக்கு மூக்கே வழி காட்டும். காலை நேரத்தில் வாசலில் இரண்டு மூன்று மான்கள் நிற்கும். வெளியூர்க்காரர் அதைப் பார்த்துப் படம் எடுப்பார்கள், நமக்கு அது மாடு நிற்பது போல. ஆனால் கவனம், பாண் சுற்றிய பேப்பரைக் கையிலிருந்தே பிடுங்கித் தின்னும் ஒரு கிழட்டுக் கலைமான் அங்கே இருக்கிறது. என் ஒரு ரோஸ் பாண் அப்படிப் போனது.

போறணை என்பது தமிழ்ச் சொல் என்று நினைத்து வளர்ந்தவன் நான். அது போர்த்துக்கேயரின் 'ஃபொர்னோ'. பாண் அவர்களுடைய 'பாவ்ங்'. நிறுக்கிற றாத்தல் அரபு நாட்டு 'ரத்ல்', அதையும் போர்த்துக்கேயர் தங்கள் வாயில் போட்டு மென்று வைத்திருந்தார்கள். கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டின அதே ஆட்கள்தான். கோட்டையின் பெயரைப் பின்னால் வந்த ஆங்கிலேயர் பிரெட்ரிக் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் போறணையை ஒருவராலும் மாற்ற முடியவில்லை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் 'வெதுப்பகம்' என்று பலகை போட்டார்கள், நல்ல சொல், எனக்குப் பிடிக்கும். ஆனாலும் பசி வந்தால் வாயில் வருவது பாண்தான்.

போறணையைப் பார்க்க வேண்டும் என்றால் முதலாளியிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார். செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய ஒரு குகை. உள்ளேயே விறகை அடுக்கி எரிக்கிறார்கள். எரிந்து தணலாகி, மேல் வளைவில் பிடித்த கரி தானாக எரிந்து வெளுக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, தணலை வெளியே இழுத்துவிட்டு, நனைத்த சாக்கைக் கம்பில் சுற்றித் தரையைத் துடைத்து, அதற்குப் பிறகுதான் பாண் உள்ளே போகும். அடியில் நெருப்பே இல்லை, கல் குடித்து வைத்திருக்கிற சூட்டில்தான் வேகிறது. முதல் சூட்டுக்கு ரோஸ் பாண், கொஞ்சம் ஆறினதும் அச்சுப் பாண், கடைசிச் சூட்டில் பணிஸ். பணிஸ் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன், முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

மா தூரத்திலிருந்து வருவதில்லை. அதாவது கோதுமை தூரத்திலிருந்துதான் வருகிறது, இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆனால் அது கப்பலில் வந்து இறங்கி அரைபடுவது நம்முடைய சீனக்குடாவில், பிறிமா ஆலையில், 1980இலிருந்து. நாடு முழுக்கத் தின்கிற பாணில் பெரும்பங்கு திருகோணமலைத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டுப் போனதுதான். அதனால் நம் ஊரில் நல்ல பாண் கிடைக்கவில்லை என்றால் அதற்கு மாவைக் குறை சொல்ல முடியாது.

ரோஸ் பாணைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். தட்டையாக, கை அகலத்தில், இரண்டு பக்கமும் பொருக்கு. முறித்தால் 'சடக்' என்று கேட்கும், உள்ளே ஒரு விரல் தடிப்பில் மட்டும் மெத்து. இதற்கு முந்தின நாள் மீன் குழம்புதான் தோதான கறி. சூடை மீன் புளி விட்டுக் காய்ச்சி, ஒரு இரவு கிடந்து, குழம்பு இறுகியிருக்க வேண்டும். சம்பலும் சரிதான். பருப்பு வேண்டாம், பருப்பு அச்சுப் பாணுக்கு. இது என் அபிப்பிராயம் இல்லை, இது ஒழுங்கு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். திரும்பப் போகத் தொடங்கிய முதல் கிழமை, கார்த்திகை மழை, தாழ்வாரத்தில் பத்துப் பேர் ஒடுங்கி நிற்கிறோம், இரண்டாவது சூடு இன்னும் வெளியே வரவில்லை. என்னிடம் படிக்கிற பெடியன் ஒருவன், கிரிக்கெட் பைத்தியம், "சேர், லோர்ட்ஸ் மைதானம் எண்டா அது லோர்ட்மாருக்குச் சொந்தமோ?" என்று கேட்டான். இல்லையடா, தோமஸ் லோர்ட் என்ற ஒரு ஆளின் பெயர், 1787இல் முதல் மைதானத்தைத் திறந்தவர், இப்போது இருப்பது 1814இலிருந்து, பிரபுக்கள் அங்கே வந்து விளையாடினார்கள் என்பது வேறு கதை என்றேன். அவன் விடவில்லை. "அப்ப லோர்ட் எண்டா என்ன சேர்?" பிரபு என்றேன். "பிரபு எண்டா?" என்றான். அந்தக் கேள்விக்கு விடை எங்கே நிற்கிறது என்று பார்த்தால், கண்ணுக்கு முன்னால், வாசலில் கையைக் கட்டிக்கொண்டு போறணைக்குக் காவல் நின்றது.

லோர்ட் என்பது ஆயிரத்து நூறு, இருநூறு வருடத்துக்கு முந்தின ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்வெயர்ட்'. ஹ்லாஃப் என்றால் பாண். வெயர்ட் என்றால் காவல்காரன். ஆஸ்பத்திரி வாட்டில் இருக்கிறதே, அதே வாட். இரண்டையும் சேர்த்தால் பாணுக்குக் காவல் இருக்கிறவன். அவ்வளவுதான். வெள்ளிப் பிடி வைத்த பிரம்பும் இல்லை, குதிரை வண்டியும் இல்லை. ஒரு பெரிய வீட்டில், அதைச் சார்ந்து உழைக்கிற ஆட்கள் இருபது முப்பது பேருக்கு, பாணைப் பூட்டி வைத்து, நேரத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற தலைவனுக்குப் பெயர் அது. பிறகு நாக்குத் தேய்த்தது. ஹ்லாஃப்வெயர்ட் ஹ்லாஃபோர்ட் ஆனது, முன்னால் இருந்த 'ஹ்' விழுந்தது, நடுவில் இருந்த ஒலி 'வ' ஆகி 'லவெர்ட்', 'லொவெர்ட்' என்று உருண்டு, பிறகு அந்த 'வ'வும் கரைந்து, பதினான்காம் நூற்றாண்டுவாக்கில் ஒற்றை அசையாக லோர்ட் என்று நின்றுவிட்டது. இப்போது அந்தச் சொல்லை எந்தப் பக்கம் உடைத்துப் பார்த்தாலும் பாண் தெரியாது.

இது நமக்குப் புதிதில்லை. 'அகமுடையான்' தேய்ந்து 'ஆம்படையான்' ஆகவில்லையா? அதில் இப்போது அகம் எங்கே தெரிகிறது? ஆங்கிலத்தில் கணவனுக்குச் சொல்கிற 'ஹஸ்பண்ட்' என்ற சொல்லும் கிட்டத்தட்ட அகமுடையான்தான், வீடு என்ற 'ஹூஸ்' அதற்குள் கிடக்கிறது. நம்முடைய மனைவிக்குள் மனை கிடக்கிறது போல. வீடு, சோறு, காவல், இவற்றை வைத்துத்தான் மனிதர் எங்கேயும் உறவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஹ்லாஃப் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது 'லோஃப்' ஆகி, ஒரு முழுப் பாணுக்குப் பெயராகச் சுருங்கிவிட்டது. அந்தக் காலத்தில் அதுதான் பாணுக்குப் பொதுச்சொல், இப்போதைய 'பிரெட்' பிறகுதான் அந்த இடத்தைப் பிடித்தது. ஜெர்மன் மொழியில் 'லைப்', ரஷ்ய மொழியில் 'ஹ்லியெப்', எல்லாம் ஒரே அடுப்படி. கிறிஸ்தவர்களின் 'பரமண்டலங்களிலிருக்கிற' செபத்தைப் பழைய ஆங்கிலத்தில் பார்த்தால், அன்றாட ஆகாரம் வேண்டுகிற வரியில் ஹ்லாஃப் என்றே இருக்கிறது. அந்தச் செபத்துக்கே ஆங்கிலத்தில் 'லோர்ட்டின் செபம்' என்று பெயர். பெயரிலும் பாண், வேண்டுதலிலும் பாண். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் மற்ற இடங்களில் பாணுக்கு 'அப்பம்' என்று போட்டார்கள். நான் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்தில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கதையைச் சொன்னபோது, தாச்சியில் சுட்ட பாலப்பத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயாயிரம் பேருக்குப் பாலப்பம் சுடுவது உண்மையிலேயே அற்புதம்தான்.

லோர்ட்டை விட எனக்குப் பிடித்தது லேடி. பழைய வடிவம் 'ஹ்லேஃப்தீயெ'. முன் பாதி அதே பாண். பின் பாதி பிசைகிறவள். பிசைந்த மாவுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'டோ' அதன் சொந்தக்காரன், பால் பண்ணைக்குச் சொல்கிற 'டெய்ரி'யும் அந்தப் பிசைகிற பெண்ணிடமிருந்து வந்ததுதான். ஆக லேடி என்றால் பாணுக்கு மாப் பிசைகிறவள். கையுறை போட்டுக் குடை பிடித்து நிற்கிற பெண்ணை மறந்துவிடுங்கள், முழங்கை வரைக்கும் மா அப்பியிருக்கிற பெண்ணை நினையுங்கள்.

நினைக்க வேண்டியதில்லை, போறணையடியில் பார்க்கலாம். முதலாளி வாசலில் நிற்பார், காசு வாங்குவார், எண்ணிக் கொடுப்பார், வரிசையில் புகுகிறவர்களை அதட்டுவார். உள்ளே இரவு ஒரு மணியிலிருந்து பிசைகிறவர் அவருடைய மனைவி, எல்லோருக்கும் அக்கா. பிசைகிற மெசின் ஒன்று இருக்கிறது. அந்த 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு நாட்களில் அது சும்மா கிடக்க, அவரும் இரண்டு பெடியன்களும் கையாலேயே பிசைந்தார்கள். நான் இந்தச் சொல் கதையைப் பெடியனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது வரிசையே கேட்டுக்கொண்டிருந்தது, மழை பாருங்கள், போக வேறு இடமும் இல்லை. அக்கா உள்ளேயிருந்து தலையை நீட்டினார். "சேர், அப்ப லோர்ட் எண்டா காவல் நிக்கிறவர், லேடி எண்டா மா பிசையிறவ, அப்பிடித்தானே?" ஓம் அக்கா என்றேன். "இஞ்சையும் அப்பிடித்தான். ஆனா நித்திரை கொள்ளுறது அவர்." முதலாளி ஒன்றும் பேசவில்லை, சில்லறையை எண்ணினார்.

மூன்றாவது சொல் ஒன்றும் இருக்கிறது, அது இப்போது வழக்கில் இல்லை. 'ஹ்லாஃப்-ஏட்டா', பாண் தின்கிறவன். ஒரு வீட்டில் சாப்பிட்டு அந்த வீட்டை அண்டி வாழ்கிற ஆள். கென்ட் நாட்டு அரசன் எதெல்பெர்ட்டின் சட்டங்களில், அவை கி.பி. 600ஐ ஒட்டியவை, ஆங்கில மொழியில் நமக்குக் கிடைக்கிற எழுத்துகளிலேயே மிகப் பழையவற்றில் சேர்ந்தவை, இந்தச் சொல் வருகிறது: ஒரு குடியானவனுடைய பாண் தின்கிறவனை யாராவது கொன்றுவிட்டால் ஆறு ஷில்லிங் கட்ட வேண்டும். பாண் காக்கிறவன், பாண் பிசைகிறவள், பாண் தின்கிறவன் என்று ஒரு வீட்டையே பாணை வைத்துக் கணக்குப் போட்டு முடித்திருக்கிறார்கள். அதில் காக்கிறவன் பெயர் பிரபுக்கள் சபை வரைக்கும் போனது, பிசைகிறவள் பெயர் அரண்மனைக்குப் போனது, தின்கிறவன் பெயர் அகராதிக்குள் செத்துப் போனது.

தமிழில் லோர்ட்டுக்குப் பிரபு என்று போடுகிறோம், அது வடமொழி. ஆண்டவர் என்று போடுகிறோம், அதில் ஆட்சி இருக்கிறது, சோறு இல்லை. எனக்குக் கேட்டால் சரியான சொல் 'படியளக்கிறவர்'. "கடவுள் படியளப்பான்" என்று அம்மா சொல்லுவா, கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் அளப்பான் என்பா. படி என்ற அளவுப் பாத்திரத்தால் நெல் அளந்து போடுகிறவன் எவனோ அவனே தலைவன். வாங்கித் தின்றவன் பக்கத்தில் அதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர், அந்தக் கடனுக்காகக் கர்ணன் செத்தான். ஆங்கிலேயன் சொல்லுக்குள் புதைத்து மறந்ததை நாம் பழமொழியில் வெளியே வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். 1953 ஆவணியில் இலங்கை அரசு கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியதும் நாடு ஹர்த்தால் செய்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதத்தில் பதவியை விட்டுப் போனார். படியில் கை வைத்தால் லோர்ட்டுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இங்கேயே உதாரணம் இருக்கிறது, கென்ட் நாட்டுக்குப் போகத் தேவையில்லை.

பாணில் இன்னொரு உறவும் உண்டு, சொல்லிவிட்டுப் போகிறேன். பாண் என்பதற்குத் தாய் லத்தீனின் 'பானிஸ்'. அந்தப் பானிஸிலிருந்துதான் 'கொம்பனி' என்ற சொல்லும் வந்தது: கூட இருந்து பாண் பகிர்கிறவர்கள். டச்சுக் கொம்பனி, ஆங்கிலக் கொம்பனி எல்லாம் இந்தத் துறைமுகத்துக்கு வந்து எதைப் பகிர்ந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

திரும்பத் தராசுக்கு வருவோம், ஏனென்றால் இது கடை விமர்சனம். இங்கிலாந்தில் 1266ஐ ஒட்டி, மூன்றாம் ஹென்றி காலத்தில், பாணுக்கும் பியருக்கும் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் யுக்தி விசித்திரமானது. பாணின் விலை மாறாது, நிறைதான் மாறும். தானியம் விலை ஏறினால் அதே காசுக்குச் சின்னப் பாண், இறங்கினால் பெரிய பாண்; எந்த விலைக்கு எவ்வளவு நிறை என்று அட்டவணையே இருந்தது. அதற்குக் குறைவாகக் கொடுத்த பேக்கரிக்காரனுக்குத் தண்டம், திரும்பத் திரும்பச் செய்தால் சந்தையில் கழுத்தையும் கையையும் பலகையில் மாட்டி நிறுத்துவார்கள். அந்தப் பயத்தில்தான் பன்னிரண்டுக்குப் பதிமூன்று கொடுக்கிற வழக்கம் வந்தது என்று சொல்வார்கள். நம்முடைய சட்டம் தலைகீழ், நிறை மாறக்கூடாது, விலை மாறலாம். ஆனால் நடப்பில் என்ன ஆகிறது? விலையும் ஏறுகிறது, நிறையும் இறங்குகிறது. அந்தப் பெயர் சொல்லாத கடையின் வாசலில் ஒரு கழுத்துப் பலகை நட்டால் நான் தக்காளியோடு போவேன்.

போறணையடியில் ஐந்து நாள் தொடர்ந்து நிறுத்தேன். 452, 447, 455, 449, 451. ஐந்தாவது நாள் தராசைக் கையிலேயே கொண்டு போய்க் கடை மேசையில் வைத்தேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. முதலாளி கோபிக்கவில்லை. "வையுங்கோ சேர், வேணுமெண்டா எல்லாத்தையும் நிறுங்கோ, ஆனா வரிசை நிக்குது" என்றார். பதிமூன்றாவது பணிஸ் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு டசின் வாங்கினேன், பன்னிரண்டேதான் இருந்தது, வீட்டில் வைத்து எண்ணினேன்.

குறைகளுக்கு வருகிறேன். கிம்புலா பணிசில் சீனி மேலே மட்டும், உள்ளே வறட்டு மா, பத்து மணிக்குப் பிறகு வாங்கினால் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். மீன் பணிசுக்குள் மீனைத் தேட வேண்டும். தேத்தண்ணி காலையில் ஒரு தரம் காய்ச்சினதை நாள் முழுக்கச் சூடாக்குகிறார்கள், சாயம் மட்டும்தான் மிச்சம். இருக்கிற வாங்கு ஒன்று, அதில் ஒரு கால் குட்டை. ஓட்டோவில் பீத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிற சேவை இவர்களிடம் இல்லை. அந்த மெட்டைக் கேட்டாலே ஊரில் பிள்ளைகளுக்கு எச்சில் ஊறும், 1810இல் எழுதினவர் இதை நினைத்திருப்பாரா தெரியாது, ஆனால் போறணையடிக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். வங்கி அட்டையில் காசு எடுக்க மாட்டார்கள், ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் முதலாளியின் முகம் நிஜ லோர்ட்டின் முகமாக மாறும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோட்டைக்குள் வெல்லெஸ்லி தங்கிய வீட்டைப் பார்க்கிறார்கள், பிறகு வெலிங்டன் பிரபு ஆன அதே ஆள், படம் எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குத் திரும்பி வெள்ளைக்காரப் பாணை வாட்டித் தின்கிறார்கள். இங்கே கூட்டி வந்தால் நல்லது, வரிசை இன்னும் நீளும் என்பதால் நான் யாரையும் கூட்டி வரப் போவதில்லை.

நேரம்: ரோஸ் பாண் காலை ஐந்தரைக்கு, ஆறரைக்குள் முடிந்துவிடும். அச்சுப் பாண் ஏழு மணிக்கு ஒரு தரம், பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு தரம். ஞாயிறு பின்னேரமும் பறுவத்தன்றும் போறணை ஆறிக் கிடக்கும். பையைக் கொண்டு போங்கள், சில்லறையும் கொண்டு போங்கள்.

கடன் உண்டு, ஆனால் அக்காவின் கொப்பியில் பெயர் ஏற வேண்டும். நான் திரும்பப் போன இரண்டாம் நாள் அந்தக் கொப்பியை எடுத்தார். நீல மட்டை, மூலையெல்லாம் எண்ணெய், மாப்படிந்து தாள்கள் ஒட்டியிருந்தன. 2022ஆம் ஆண்டுப் பக்கங்களைப் பிரித்து, விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்து, 'இங்கிலீஸ் சேர்' என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தினார். நான்கு பாண். எனக்கு அடியோடு ஞாபகமில்லை. இன்றைய விலைக்கே கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று காசை எடுத்தேன். வாங்கவில்லை. "அண்டைய விலை எழுதியிருக்கு சேர், அதைத் தாங்கோ" என்று சொல்லி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து, என் பெயருக்கு மேல் ஒரு கோடு அடித்தார்.